நேரலை போகும் வீட்டுக்கு நற்கருணையும் போகட்டும்

ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆயர் பெருமக்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், வழிபாட்டுக் குழுக்களில் பணியாற்றும் அருள்சகோதரிகளுக்கும் பொதுநிலையினருக்கும் வணக்கம். இயேசுவுக்கே புகழ்.

திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகும் அப்பமாகிய நற்கருணையை நோயாளிகளின் வீடுகளுக்கு எடுத்துச் செல்லும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலைப் பணியாளர்களில் நானும் ஒருத்தி. அந்த வீடுகளில் கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவிலுக்கு வர முடியாதவர்களுக்காகத் திருப்பலி நேரலையைத் தொடங்கினோம். பல இடங்களில் இன்று அந்த நேரலை இருக்கிறதே என்ற நிம்மதியில் அவர்களைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டோம். வர முடிந்தவர்களில் பலரோ வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இரண்டு பக்கமும் இழப்பு. இதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

கேமராவைத் தூக்கி எறியுங்கள் என்று கேட்க வரவில்லை. திரு அவை புதிய ஊடகங்களைத் தயங்காமல் பயன்படுத்தியிருக்கிறது. 1931 பிப்ரவரி 12 அன்று வத்திக்கான் வானொலி தொடங்கியபோது அதை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனி. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அதில் உலகத்தோடு பேசினார். 1948ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி பாரிஸ் நோட்ர டாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாத காலம் அது. 1957 செப்டம்பரில் பன்னிரண்டாம் பயஸ் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்ப்பது கட்டாயம் திருப்பலிக்குப் போக வேண்டிய கடன் திருநாள்களில் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்று அதில் தெளிவாகச் சொன்னார். கூடவே, நோயாலோ வேறு தடையாலோ வர இயலாதவர்களுக்கு அந்த ஒளிபரப்பு நன்மை தரும் என்றும் பாராட்டினார்.

அதே திருத்தந்தைதான் அசிசி நகர் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தவர். 1252ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் கிளாரா நோயுற்று எழ முடியாமல் படுத்திருந்தார். மற்றச் சகோதரிகள் எல்லாரும் வழிபாட்டுக்குப் போய்விட்டார்கள். தனித்துக் கிடந்த அவருக்கு, தொலைவில் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைக் கேட்கவும் காணவும் இறைவன் அருளினார் என்பது மரபு. படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அந்த ஆறுதலைத்தான் திரு அவை தொலைக்காட்சிக்கு முன்மாதிரியாக வைத்தது. திரையின் இடம் எது என்பது இந்தத் தேர்விலேயே இருக்கிறது. எழ முடியாதவரின் படுக்கைக்குப் பக்கம்தான் அதன் இடம்.

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முதல் இரண்டு ஏடுகளும் ஒரே நாளில், 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்தன. ஒன்று திருவழிபாடு பற்றியது, இன்னொன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றியது. திருவழிபாட்டு ஏட்டின் 20ஆம் பத்தியைத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வானொலி, தொலைக்காட்சி வழியாகத் திருச்சடங்குகளை, அதிலும் திருப்பலியை ஒளிபரப்பும்போது, அது விவேகத்தோடும் மாண்போடும் நடக்க வேண்டும். ஆயர்கள் நியமித்த தகுதியுள்ள ஒருவரின் பொறுப்பில் நடக்க வேண்டும் என்கிறது அந்தப் பத்தி. இன்று எத்தனை மறைமாவட்டங்களில் அப்படி ஒருவர் இருக்கிறார்? பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓர் இளைஞர் கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திவிட்டு, எந்தப் பயிற்சியும் இல்லாமல், தனக்குத் தெரிந்த அளவில் செய்துகொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காததுதான் குறை.

2020-இல் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது நேரலை நமக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதை யாரும் மறக்க முடியாது. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நற்கருணையை ஏந்தி ஊருக்கும் உலகுக்கும் ஆசி வழங்கியதைப் பார்த்து நான் அழுதேன். திரை வழியாக வந்த அருள்தான் அது. அதை ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனால் மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 17 அன்று, தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஆற்றிய மறையுரையில் அவரே ஓர் எச்சரிக்கை தந்தார். அந்தத் திருப்பலியும் நேரலையில்தான் வந்தது. மக்களும், நற்கருணை, ஒப்புரவு போன்ற அருளடையாளங்களும் இல்லாமல், இறைவனோடு ஆளுக்கு ஆள் தனியாக ஒரு நெருக்கத்தை வளர்த்துக்கொள்வது ஆபத்து என்றார். இந்தச் சுரங்கப் பாதையில் நாம் இருப்பது வெளியே போவதற்காக, இங்கேயே தங்கிவிடுவதற்காக இல்லை என்ற பொருளில் பேசினார். அதே ஆண்டு வழிபாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் சாரா, திருத்தந்தையின் ஒப்புதலோடு உலக ஆயர் பேரவைகளுக்கு எழுதிய மடலும் இதையே சொன்னது. எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது, அதன் இடத்தை எடுத்துக்கொள்ளவும் முடியாது.

நாம் தங்கிவிட்டோம். பெருந்தொற்று போய்விட்டது, கதவுகள் திறந்துவிட்டன, ஆனால் “இன்னைக்கு ஆன்லைன்ல பூசை பார்த்தாச்சு” என்ற பேச்சு மட்டும் போகவில்லை. நல்ல உடல்நலத்தோடு, கோவிலுக்குப் பக்கத்திலேயே வசிப்பவர்களிடமும் இதைக் கேட்கிறேன். அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வரும் கடமையிலிருந்து அன்று தரப்பட்ட விலக்கு முடிந்துவிட்டது என்று எத்தனை பேருக்குத் தெளிவாகச் சொன்னோம்? ஏன் முடிந்தது, நேரில் வருவதில் என்ன இருக்கிறது என்று எத்தனை மறையுரைகளில் பேசினோம்? ஒரு சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அது கற்பித்தல் ஆகிவிடாது.

இதைவிட என்னை வருத்துவது மறுபக்கம். நான் போகும் வீடுகளில், நடக்கவே முடியாத முதியவர்கள் சிலர் ஞாயிறு நேரலை ஒன்றைத் தவறவிட்டுவிட்டால் பாவம் செய்துவிட்டதாக அஞ்சுகிறார்கள். இணைய இணைப்பு அறுந்துபோனதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பும் அளவுக்குப் போகிறார்கள். திரு அவைச் சட்டம் அவர்கள்மேல் இந்தச் சுமையை வைக்கவே இல்லை. சட்டம் 1248 சொல்வது எளிமையானது: கடுமையான காரணத்தால் திருப்பலியில் பங்கேற்க இயலாதபோது, முடிந்தால் இறைவாக்கு வழிபாட்டில் கலந்துகொள்ளலாம், அல்லது தனியாகவோ குடும்பமாகவோ உரிய நேரம் செபிக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. வர முடியாதவருக்கு வரும் கடமை இல்லை. வர முடிந்தவருக்குப் பார்ப்பது போதாது. இந்த இரண்டையும் நாம் சேர்த்தே சொல்லத் தவறியதால், கடமை இருப்பவர்கள் நிம்மதியாகவும் கடமை இல்லாதவர்கள் பயத்தோடும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் என்னதான் நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நேரலைத் திருப்பலியில் நோயாளிக்கு மிகவும் கடினமான நேரம், மக்கள் நற்கருணை வாங்கும் திருவிருந்து. வாசகங்களைக் கேட்கலாம், மறையுரையைக் கேட்கலாம், விசுவாச அறிக்கையைச் சேர்ந்து சொல்லலாம், பாடலைக்கூட முணுமுணுக்கலாம். அப்புறம் மக்கள் எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். கேமரா அந்த வரிசையைக் காட்டுகிறது. முதுகுகள் நகர்கின்றன, மற்றவர்கள் உண்கிறார்கள். நான் வழக்கமாகப் போகும் ஒரு வீட்டு அம்மா அந்த இடம் வந்ததும் ஒலியைக் குறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வருத்தமாக இருக்கும் என்பதற்காக இல்லை, பசிக்கும் என்று சொன்னார். அந்தச் சொல்லை நான் எந்த மறைக்கல்வி வகுப்பிலும் இவ்வளவு உண்மையாகக் கேட்டதில்லை. வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2023 மே மாதம் வெளியிட்ட சிந்தனை ஏடும் இதையேதான் சொல்கிறது: திரை வழியாக உணவைப் பகிர்ந்துகொள்ள முடியாது.

கி.பி. 155 வாக்கில் ரோமையில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். வாசகம், உரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும், நன்றிமன்றாட்டு, எல்லாரும் சொல்லும் ஆமென், திருவிருந்து என்று இன்று நாம் செய்யும் அதே ஒழுங்கு அதில் இருக்கிறது. அதில் ஒரு வரி: அங்கே இல்லாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்கிறார்கள். வராதவரை நினைப்பது திருப்பலி முடிந்த பின் செய்யும் தர்மக் காரியமாக அங்கே சொல்லப்படவில்லை. திருப்பலி என்றால் என்ன என்ற விளக்கத்திலேயே அது வருகிறது. ரோமையில் புனித தார்சீசியு நற்கருணையைச் சுமந்து போகும் வழியில்தான் கொல்லப்பட்டார் என்று நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை தமாசு கல்லில் பொறித்து வைத்தார். அந்தத் தார்சீசியுதான் நம் பீடச்சிறாரின் பாதுகாவலர்.

நற்கருணைப் பேழையில் நாம் ஏன் நற்கருணையை வைத்திருக்கிறோம்? ஆராதனைக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆராதனை உயர்ந்தது, எனக்கும் உயிரானது. ஆனால் 1967இல் வெளிவந்த நற்கருணை பற்றிய உரோமை அறிவுரை, நற்கருணையைத் திருப்பலிக்கு வெளியே பாதுகாத்து வைப்பதன் முதலாவதும் தொடக்கத்திலிருந்து இருப்பதுமான நோக்கம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு அதை வழியுணவாகக் கொடுப்பதே என்கிறது. பேழைக்கு முன் எரியும் விளக்கு, வராதவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1973 ஜனவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், பொதுநிலையினரும் நற்கருணை வழங்க அனுமதி கிடைத்தது. ஆகவே சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆள் இல்லை என்பதும் உண்மை இல்லை. ஒளிபரப்புக்கு ஆள் கிடைக்கிறதே. இல்லாதது ஒரு பெயர்ப்பட்டியலும், அதைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் அனுப்பி வைக்கும் பழக்கமும்தான்.

ஆன்மிக நற்கருணை போதாதா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். புனித அல்போன்சு லிகோரியின் பெயரால் வழங்கும் அந்தச் செபம் நேரலையின்போது திரையில் ஓடுவதும் நல்லதுதான். திருவிருந்துக்கு முன் நாம் எல்லாரும் சொல்லும் வார்த்தையே, தன் வீட்டுக்கு இயேசு வரத் தகுதியில்லை என்று சொன்ன நூற்றுவர் தலைவனுடையது. இயேசு அந்த வீட்டுக்குப் போகாமலே ஊழியனைக் குணமாக்கினார். தூரம் அவருக்குத் தடையே இல்லை. இதை நோயாளிகளிடம் நான் சொல்லாத நாள் இல்லை. ஆனால் ஆன்மிக நற்கருணை என்பது உண்மையான நற்கருணையின் மீதான ஆசை. ஆசையை வளர்த்துவிட்டு ஆளை அனுப்பாமல் இருப்பது நியாயமா? நூற்றுவர் தலைவன் வரவேண்டாம் என்றதற்கு முன்பே, “நான் வந்து அவனைக் குணமாக்குவேன்” என்று இயேசு சொல்லிவிட்டார் என்பதையும் மத்தேயு எழுதியிருக்கிறார்.

கேமரா கோவிலுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. குரு நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும் ஒளிப்பதிவாளரின் முதுகைத்தான் பல ஞாயிறுகளில் நான் பார்த்திருக்கிறேன். திருப்பலி தலைவர் “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்று சொல்லும்போது கண்கள் நம்மைத் தாண்டிக் கேமராவைத் தேடுகின்றன. நற்கருணை வாங்குபவரின் வாயும் முகமும் கண்ணீரும் அருகில் நின்று எடுக்கப்பட்டு, யாரிடமும் கேட்காமல் உலகத்துக்குப் போகின்றன. அடக்கத் திருப்பலியில் கதறும் பிள்ளைகளின் முகமும் போகிறது. திரையின் ஓரத்தில் பணம் அனுப்பும் க்யூஆர் கோடு நிற்கிறது. சில சேனல்களில், அப்பத்தையும் இரசத்தையும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக்கும் வசீகர வார்த்தைகளுக்கு நடுவே விளம்பரம் வந்து விழுகிறது. அந்த விளம்பரத்தை அனுமதிக்கலாமா கூடாதா என்பதைப் பல நேரம் சேனலை நடத்துபவரே தீர்மானிக்க முடியும். 2017 நவம்பர் 8 பொது மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ், “இதயங்களை மேலே எழுப்புங்கள்” என்றுதான் அருள்பணியாளர் சொல்கிறார், கைப்பேசிகளை மேலே எழுப்பச் சொல்வதில்லை என்று வேதனையோடு பேசினார். மக்கள் மட்டுமல்ல, சில அருள்பணியாளர்களும் ஆயர்களும்கூட அப்படிச் செய்கிறார்கள் என்றும் சேர்த்தே சொன்னார்.

பார்வையாளர் எண்ணிக்கை இன்னொரு நோய். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பங்குப் பேரவையில் மகிழ்ச்சியோடு வாசிக்கப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணில் சில நொடி பார்த்துவிட்டு நகர்ந்தவரும் இருக்கிறார், முழந்தாளிட்டு முழுவதும் செபித்தவரும் இருக்கிறார். அந்த வாரம் எத்தனை நோயாளிகளுக்கு நற்கருணை போனது என்று அதே கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

யோவான் தன் இரண்டாம் திருமுகத்தின் முடிவில், எழுத இன்னும் நிறைய இருந்தும் தாளிலும் மையிலும் எழுத விரும்பவில்லை, நேரில் வந்து பேசவே விரும்புகிறேன், அப்போதுதான் நம் மகிழ்ச்சி நிறைவாகும் என்கிறார். தாளும் மையும்தான் அன்றைய தொழில்நுட்பம். அவர் அதைப் பயன்படுத்தினார், அதனோடு நின்றுவிடவில்லை. திறந்த மடல் எழுதும் எனக்கும் இது பொருந்தும். கூப்பிட்டால் நேரில் வந்து பேசக் காத்திருக்கிறேன்.

ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றிச் சுருக்கமாக. அலைபேசியில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள், சில பெரியவர்களும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி புதியது இல்லை. தொலைவில் இருக்கும் குருவிடம் கடிதம் வழியாகவோ ஆள் வழியாகவோ பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறலாம் என்ற கருத்தை 1602இலேயே எட்டாம் கிளமெண்ட் காலத்தில் திரு அவை மறுத்துவிட்டது. 2002 பிப்ரவரியில் வத்திக்கானின் சமூகத் தொடர்பு அவை இணையத்தைப் பற்றி வெளியிட்ட ஏடும், இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று ஒரே வரியில் முடித்தது. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, திரு அவையின் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத் தொகுதி, ஒப்புரவில் பேசப்படுவதைக் கருவி கொண்டு பதிவு செய்வதைக் குற்றமாக வைத்திருக்கிறது. இதையெல்லாம் மக்களுக்குச் சொல்லுங்கள். அதோடு, ஒப்புரவுக்கு அமரும் நேரத்தைக் கூட்டுங்கள். திருப்பலி தொடங்கச் சில நிமிடமே இருக்கும்போது அவசரமாக உட்கார்ந்து எழுந்தால், கைப்பேசியில் கேட்கக்கூடாதா என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

செபச் செயலிகளை நான் நன்றியோடு பயன்படுத்துகிறேன். இத்தாலிய அருள்பணியாளர் ஒருவர் 2008இல் தொடங்கிய ஐபிரேவியரி செயலி வந்த பிறகுதான், குருக்களும் துறவியரும் மட்டுமே கையில் வைத்திருந்த, நாளின் வேளைகளுக்கான செபத் தொகுப்பாகிய திருப்புகழ்மாலை எத்தனையோ பொதுநிலையினருக்கு எட்டியது. பொதுநிலையினரும் அதைச் செபிக்க வேண்டும் என்று திருவழிபாட்டு ஏடு 1963இலேயே ஊக்கப்படுத்தியிருந்தும், பல தொகுதிகளாக இருந்த அந்த நூல்களை வாங்கவும், எந்த நாளுக்கு எந்தப் பக்கம் என்று தேடவும் நம்மால் முடிந்ததில்லை. இன்று பேருந்தில் உட்கார்ந்து மாலைப் புகழைச் சொல்ல முடிகிறது. 2019 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் மூவேளைச் செப உரையின்போது ‘கிளிக் டு பிரே’ செயலியில் தம் பக்கத்தைத் தொடங்கிவைத்தார். உலகம் முழுவதும் ஒரே கருத்துக்காக ஒரே நாளில் செபிப்பது எவ்வளவு நல்லது!

ஆனால் ஒரு கவலை. செபச் செயலிகளில் மக்கள் தங்கள் கருத்துகளைத் தட்டச்சு செய்கிறார்கள். கணவரின் குடி, மகளின் கருச்சிதைவு, தன் நோயின் பெயர், கடன் தொகை எல்லாம் அதில் இருக்கும். உள்ளறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு செபிக்கச் சொன்னார் இயேசு. அந்த உள்ளறையில் சொல்ல வேண்டியவை ஒரு நிறுவனத்தின் கணினியில் சேர்கின்றன. அது யார் கையில் இருக்கும், எதற்குப் பயன்படும் என்று செபிப்பவருக்குத் தெரியாது. நம் மறைமாவட்டங்களே செப விண்ணப்பங்களை வாட்ஸ்ஆப் குழுக்களில் பெயரோடு பகிர்கின்றன. மனம் நொந்து அனுப்பியவரின் பெயரும் நோயும் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடுகிறது. எந்தச் செயலியைப் பரிந்துரைக்கலாம் என்று பார்த்துச் சொல்லவும், குழுக்களில் பெயர் போடாமல் இருக்கவும் ஒரு சிறு அறிவுரை தாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி இன்னும் கொஞ்சம். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று, மறை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல, குருவின் உடையில் ஓர் உருவத்தை உருவாக்கி வெளியிட்டது. அது தன்னை உண்மையான குரு என்று சொல்லிக்கொண்டது. கேட்டவருக்குப் பாவமன்னிப்பும் வழங்கியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அந்தக் குரு உடையைக் கழற்றிவிட்டார்கள். உருவாக்கியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள் என்று நம்புகிறேன். ஆனால் தனிமையில், இரவில், குற்ற உணர்வோடு தட்டச்சு செய்யும் ஒருவருக்கு அந்த உருவத்தின் மன்னிப்பு எவ்வளவு உண்மையாகப் பட்டிருக்கும்!

மறையுரையையும் இப்போது இயந்திரத்திடம் எழுதி வாங்குவது பரவுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது தெரிகிறது, தந்தையரே. சொற்கள் வழுவழுப்பாக இருக்கும், எங்கள் பங்கில் அந்த வாரம் நடந்த சாவு அதில் இருக்காது. மறையுரையாளர் இறைவார்த்தையை உற்று நோக்குவதோடு தம் மக்களையும் உற்று நோக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’யில் எழுதினார். ஒரு விளக்கத்தைத் தேடவோ விவிலியப் பகுதியை ஒப்பிடவோ கருவி உதவட்டும். திக்கித் திணறிப் பேசினாலும் பரவாயில்லை, எங்களைத் தெரிந்த ஒருவர் பேசட்டும்.

நேரலையைக் கூட்ட வேண்டும் என்பவர்கள் புனித கார்லோ அக்குதிஸை மேற்கோள் காட்டுகிறார்கள். 1991இல் பிறந்து 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த அந்தப் பையனைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவித்தார். கணினியில் தேர்ந்தவர், இணையதளம் செய்தவர் என்பதெல்லாம் உண்மை. எதைப் பற்றிய இணையதளம்? நற்கருணைப் புதுமைகளைப் பற்றியது. அவர் நாள்தோறும் திருப்பலிக்கு நேரில் போனவர், நற்கருணை முன் அமர்ந்து செபித்தவர். திரையைப் பார்ப்பவரைப் பீடத்துக்கு அழைத்து வருவதற்காகத்தான் அவர் திரையில் உழைத்தார். அவருடைய பெயரைச் சொல்லி மக்களைத் திரையிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு பங்கிலும் ஒரு நேரலை தேவையா என்று யோசியுங்கள். பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்துக்கு ஒன்று என்று வைத்து, சங்கம் சொன்னபடி பொறுப்பாளரை நியமித்து, அதை நன்றாகச் செய்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்துப் பங்கு குருவின் முகத்தைவிடத் தன் பங்கு குருவின் முகம் நோயாளிக்கு ஆறுதல் என்று சொல்வீர்கள். உண்மைதான். அந்த முகம் வீட்டுக்கே வரட்டும் என்பதுதான் என் பதில். கேமரா ஓர் இடத்தில் அசையாமல் நிற்கட்டும். திருவிருந்து வரிசையைக் காட்டாமல் அந்த நேரம் முழுவதும் பேழையையோ சிலுவையையோ காட்டட்டும். கருத்துப் பெட்டியையும் விளம்பரத்தையும் மூடிவிடலாம். திருப்பலி முடிந்ததும் பதிவை நீக்கிவிட்டால், அந்த நேரத்துக்கு எல்லாரோடும் சேர்ந்து செபிப்பது என்ற ஒழுங்காவது நிற்கும். வசதிப்பட்டபோது ஓட்டி ஓட்டிப் பார்ப்பது குறையும்.

திருவிருந்து நேரத்தில் திரையில் ஒரு தொலைபேசி எண் வரட்டும். “வர இயலாதவர்கள் கூப்பிடுங்கள், இன்றே நற்கருணையோடு வருகிறோம்” என்று அதில் எழுதியிருக்கட்டும். ஞாயிறு திருப்பலியில் திருவிருந்து முடிந்ததும், இறுதி ஆசிக்கு முன், நற்கருணை எடுத்துச் செல்பவர்களை எல்லார் முன்னிலையிலும் பீடத்திலிருந்து அனுப்பி வையுங்கள். எந்த வீடுகளுக்குப் போகிறார்கள் என்பது கூடியிருப்பவர்களுக்குத் தெரிந்தால், யாரெல்லாம் இன்று நம்மோடு இல்லை என்பதும் தெரியும். வந்திருக்கும் பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள். நற்கருணையோடு போகும்போது ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அன்றைய நற்செய்தியை வாசித்து, கையைப் பிடித்து, கொஞ்சம் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி தாருங்கள். நோயில்பூசுதல் தேவைப்படும் வீட்டை நாங்கள் உங்களுக்குச் சொல்கிறோம், தாமதிக்காமல் வாருங்கள்.

கேமராவை இயக்கும் இளைஞரையும் எங்களோடு அனுப்புங்கள். தான் அனுப்பும் படம் எந்தச் சுவரில், எந்தக் கட்டிலுக்கு எதிரே ஓடுகிறது என்று அவர் ஒருமுறை பார்க்க வேண்டும். அதன் பிறகு அவர் எடுக்கும் நேரலை வேறு மாதிரி இருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆயர் பெருமக்களே, அடுத்த திருவருகைக் காலம் தொடங்குவதற்குள் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் போதும். அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்: வர முடிந்தவர்கள் வாருங்கள், வர முடியாதவர்கள் பயப்படாதீர்கள், நாங்கள் வருகிறோம். பங்குத்தந்தையரே, உங்கள் எல்லைக்குள் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் உங்களிடம் இல்லையென்றால், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களைக் கேட்டு வீடு வீடாகப் போய் அதை எழுதித் தர எங்களைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம். நற்கருணை வழங்கும் பணிக்கு முன்வரக்கூடியவர்களின் பெயர்களையும் தருகிறோம். பயிற்சிக்கு ஒரு நாளைக் குறித்து, அனுமதியில் கையெழுத்திட்டுத் தாருங்கள்.

செபங்களோடு,
நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் பொதுநிலைப் பணியாளர் ஒருத்தி